நால்வர் இசைக்குழுவினர் வாசிக்கும்போது ஏன் தலையசைத்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்?

ஸ்ட்ரிங் குவார்டெட் என்பது இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றே பெரியது), ஒரு செல்லோ (அதைவிடவும் பெரியது) சேர்ந்த நால்வர் குழு. எதிரே கோல் பிடித்து வழிநடத்துபவர் கிடையாது. அந்த வேலையை உடலே செய்கிறது. தொடங்குமுன் பெரும்பாலும் முதல் வயலின் கலைஞர் மூச்சை இழுத்து வில்லைச் சற்றே உயர்த்துவார். எனக்கு மிகவும் வியப்பூட்டுவது அந்த ஒரு மூச்சுதான்: அதன் வேகம் இசையின் வேகத்தையும், அதன் மென்மை முதல் ஸ்வரத்தின் மென்மையையும் மற்ற மூவருக்கும் சொல்லிவிடும். கனமான மேசையைத் தூக்கும் இருவர் கண்ணைப் பார்த்து, மூச்சிழுத்து, ஒரே நொடியில் தூக்குவதில்லையா, அதுபோல. மெட்டு செல்லோவுக்கு மாறினால் சைகையும் செல்லோ கலைஞரிடம் போய்விடும். பலர் நினைப்பதுபோல இது பார்வையாளர்களுக்கான நடிப்பு அல்ல. பார்வையாளரே இல்லாத அறையில் நடக்கும் ஒத்திகையிலும் இதே அசைவுகளைக் காணலாம்.