சித்திரை மழையில் பிள்ளைகளோடு ஒரு சனி, ஞாயிறு

பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இவ்வாரப் பதில்கள்.

கேள்வி: தினமும் மழை. ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சனிக்கிழமை எங்கேதான் கூட்டிப்போவது? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தினமும் மழைதான், ஆனால் நாள் முழுக்க இல்லையே! ஏப்ரல், மே மாதங்கள் இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவே வருபவை. காற்று வலுவாக வீசாது. காலை வெயிலில் தரை சூடேறும், ஈரக்காற்று மேலெழும், மலைப்பக்கம் மேகம் திரளும். பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் இடியோடு கொட்டும். ஆகவே வெளிவேலையைக் காலையில் முடித்துவிட்டு, மதியத்துக்குக் கூரையுள்ள இடமாகப் பாருங்கள்.

பசியாறிவிட்டு எட்டு மணிக்கே கோலகங்சார் கிளம்புங்கள். 1877-இல் அங்கே நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டிய மரம், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே வேலையில்லை. வானம் இருட்டும்போது சாயோங் பக்கம் லாபு சாயோங் என்ற சுரைக்காய் வடிவ மண்குடம் செய்யும் பட்டறைக்குள் போய்விடலாம். சூளையிலிருந்து சுடச்சுட எடுத்த குடத்தை நெல் உமிக்குள் புதைத்துக் கறுப்பாக்குவார்கள். அது எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம்.

இன்னொரு வழி ரயில். சுங்கை சிப்புட்டிலிருந்து தைப்பிங் போகும் வழியில், பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் 3 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கப்பாதை வரும். பிள்ளைகளுக்கு அதுவே போதும். எல்லா ஈடிஎஸ் (மின்சார விரைவு) ரயிலும் நம் நிலையத்தில் நிற்பதில்லை, வார இறுதி டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். மழைக்குப் பயந்து, மழைக்கே பேர்போன தைப்பிங்குக்குப் போவதா என்று வீட்டில் கேலி செய்தால், 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகத்தைக் காட்டுங்கள். திறந்திருக்கிறதா என்று மட்டும் முதல் நாள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, கோவில் திடலில் நூறு பிள்ளைகளுக்கு ஞாயிறன்று குடும்ப தினம் வைக்கிறோம். மழை வந்தால் கெனோபி (வாடகைக் கூடாரம்) போதுமா? – கோவில் இளைஞர் பகுதி

பதில்: மழைக்குப் போதும், இடிக்குப் போதாது. இரும்புக்கால் நட்ட கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பே இல்லை. இடிச்சத்தம் காதில் விழுந்தாலே பிள்ளைகளை டேவானுக்குள் (மண்டபத்துக்குள்) அனுப்புங்கள். டேவான் இல்லையென்றால் கதவு மூடிய காரும் வேனும் உதவும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திடலுக்குத் திரும்பக் கூடாது. இதை அறிவிக்கும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள். நாலு பேர் முடிவெடுத்தால் ஐந்து நிமிடம் வீணாகும்.

20 அடிக்கு 20 அடி கெனோபியில் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாட நாற்பது பேர்தான் வசதி, நூறு பேருக்கு மூன்று வேண்டும். இரண்டை ஒட்டிப் போடும்போது தண்ணீர் கொட்டுவது சரியாக அந்த இணைப்பில்தான். அங்கே தண்ணீரை ஏந்தி வெளியே விட என்ன ஏற்பாடு என்று வாடகைக்காரரிடம் முன்பே கேளுங்கள். சாப்பாட்டு மேசையை இணைப்புக்குக் கீழே போடாதீர்கள். துணி தொய்ந்திருந்தால் ஆபத்து அதிகம். இரண்டு மீட்டர் நீள அகலத் தொய்வில் சராசரி 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 400 கிலோ. தேங்கத் தொடங்கும்போதே, ஓரமாக நின்றபடி துடைப்பக் கட்டையின் முனையில் துணி சுற்றி மேலே தள்ளி வழியவிடுங்கள். தொய்வுக்கு நேர் கீழே யாரும் நிற்க வேண்டாம்.

ஒலிபெருக்கிக்குப் போகும் ஒயரின் இணைப்புகள் புல்லில் கிடக்கவே கூடாது, உயரத்தில் கட்டுங்கள். காலையில் மின்பெட்டியில் இஎல்சிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கரண்ட் துண்டிக்கப்படாவிட்டால் அந்த இணைப்பை நம்பாதீர்கள்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். எட்டரைக்கு ஓட்டமும் கயிறிழுப்பும் தொடங்கி, பதினொன்றுக்குள் திடலைக் காலி செய்யுங்கள். முதல் நாள் மழையில் புல் சேறாகியிருந்தால் சாக்கு ஓட்டத்தை எடுத்துவிடுங்கள், வழுக்கி விழும்போது பிள்ளையின் கால் சாக்குக்குள் மாட்டிக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்பே பரிசளிப்பு. பிரமுகர் மூன்று மணிக்குத்தான் வருவாராம் என்று காத்திருக்காதீர்கள், ஜிங்க் கூரையில் மழை விழுந்தால் மைக்கில் பேசுவது முதல் வரிசைக்கே கேட்காது. அந்த நேரத்துக்குப் பேச்சு தேவைப்படாத கோலம், வரைதல், சொங்காக் (பல்லாங்குழி போன்ற ஆட்டம்) போன்றவற்றை வையுங்கள்.

கேள்வி: கோலப் போட்டிக்கு அரிசியில் சாயம் ஏற்றினால் கட்டி கட்டியாகிறதே? – வாசகி, தோட்டத் தமிழ்ப்பள்ளி பெற்றோர்

பதில்: தண்ணீர் சேர்க்கிறீர்கள், அதுதான் காரணம். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு தேக்கரண்டி உணவுச்சாயம், இரண்டு தேக்கரண்டி வினிகர் போதும். முதலில் இரண்டையும் கலந்து, பிறகு பிளாஸ்டிக் பையில் அரிசியோடு போட்டுக் குலுக்குங்கள். தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க விடுங்கள். இந்த ஈரக்காற்றில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் கையில் சாயம் ஒட்டும். அப்படியே டப்பாவில் அடைத்தால் பூஞ்சைதான். இரண்டடி வட்டக் கோலத்துக்கு எல்லா நிறமும் சேர்த்து ஒரு கிலோ போதுமானது. தரையில் போடாமல் மூன்றடிப் பலகையில் போட்டால், சாரல் அடிக்கும்போது இரண்டு பேர் தூக்கி நகர்த்திவிடலாம்.

கேள்வி: சொங்காக் ஆட குன்றிமணி பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. கறுப்புப் பொட்டுள்ள குன்றிமணியில் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. முழுதாக விழுங்கினால் சில சமயம் அப்படியே வெளியேறிவிடும். கடித்தாலோ, துளையிட்ட மணியை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. முழுச்சிவப்பாக இருக்கும் சாகா விதை, அதாவது மஞ்சாடி, போதுமானது. அதையும் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு விதை, ஆக ஒரு பலகைக்கு 98. பலகைக்கொரு பையில் எண்ணிப் போட்டு வைத்தால், ஆட்டத்தின் நடுவே சண்டை வராது.

கேள்வி: மழை விட்டதும் நீர்வீழ்ச்சிக்குப் போகலாமா? – வாசகர், லாசா சாலை

பதில்: இந்த மாதம் வேண்டாம். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் மழை பெய்து, கெப்பாலா ஆயர் என்ற திடீர் வெள்ளம் சில நிமிடங்களில் இறங்கிவிடும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் எலிக்காய்ச்சலும் இந்தச் சமயத்தில் கவனிக்க வேண்டியது, காலில் புண் உள்ள பிள்ளையைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். குளித்த பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கியை மட்டும் சோதித்துவிட்டு அனுப்பிவிட வாய்ப்புண்டு.