பங்கு 51% இருந்தும் டி.பி.இ. சான்று மறுப்பு

உங்க மனைவி பேரில் 51% பங்கு இருந்தும் டி.பி.இ. சான்று (அமெரிக்க அரசு நிதியில் நடக்கும் போக்குவரத்துப் பணிகளில், பாதகமான நிலையில் உள்ளவர்களின் சிறு நிறுவனங்களுக்குத் தரும் சான்று) ஏன் மறுத்தாங்கன்னு கேட்கிறீங்க. பங்கு மட்டும் போதாதுங்க, நிறுவனத்தின் கட்டுப்பாடும் உங்க மனைவி கையில் இருக்கணும். இந்தச் சான்றுக்கான அமெரிக்க அரசு விதி, 49 சி.எஃப்.ஆர். பகுதி 26, கேட்பது அதைத்தான்.

எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) என்கிறீர்கள், அதனால் அதன் உறுப்பினர்கள், அதாவது பங்கு வைத்திருப்பவர்கள், செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க. "முக்கிய முடிவுகளுக்கு உறுப்பினர் எல்லாரும் சம்மதிக்கணும்" என்று ஒரு வரி இருக்கா? 49% வைத்திருக்கும் நீங்க அவங்க முடிவைத் தடுக்க முடியும்னா, கட்டுப்பாடு அவங்ககிட்ட இல்லை. இணையத்தில் இறக்கும் மாதிரி ஒப்பந்தங்களில் இந்த வரி சகஜம். வக்கீல் செலவை மிச்சம் பிடித்தால் இப்படித்தான்.

மறுப்புத் தேதியிலிருந்து 45 நாளுக்குள் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனா அங்கே மறுத்தபோது இருந்த பழைய கோப்பைத்தான் பார்ப்பாங்க. ஒப்பந்தத்தைத் திருத்தினால் புது விண்ணப்பம்தான் வழி.

2025 அக்டோபர் விதிக்குப் பிறகு பெண் என்பது மட்டுமே தகுதி ஆகாது. தனக்கு நேர்ந்த சமூக, பொருளாதாரப் பாதகத்தை அவங்களே ஆதாரத்தோடு எழுதணும்.