பத்து சதவீதம் பிடித்தாச்சு, அப்புறம் என்ன?

கேள்வி: நான் ஆரையம்பதி. தனியார் நிறுவனமொன்றில் வேலை, மாதச் சம்பளம் ரூ. 180,000. காணி விற்ற காசில் 30 இலட்சத்துக்குத் திறைசேரி முறி (அரசாங்கத்துக்குக் கொடுக்கும் நீண்டகாலக் கடன்) வாங்கினேன், கூப்பன் வட்டி, அதாவது முறியில் குறித்த வருட வட்டி, 10 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கில் ரூ. 135,000 விழுகிறது. வங்கியில் கேட்டால், "வரியெல்லாம் பிடிச்சாச்சு, நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்கிறார்கள். உண்மையா?

பதில்: முதல் பாதி உண்மை. வரி பிடித்திருக்கிறார்கள். இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் பிடிப்பது 10 சதவீதம். அதற்கு முன் 5 ஆக இருந்தது. ஆனால் இது முடிந்த கணக்கில்லை, முற்பணம் மாதிரி. உங்கள் உண்மையான வரி எவ்வளவு என்பது வருட முடிவில் எல்லா வருமானத்தையும் சேர்த்துக் கூட்டும்போதுதான் தெரியும். ஆக, வருமான வரி விபரத்திரட்டில் (வருட வருமானத்தையும் கட்டிய வரியையும் காட்டி வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் கணக்கு) முறி வட்டியையும் காட்ட வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வங்கிப் புத்தகத்தைப் பார்த்து 135,000 இரண்டு தடவை, 270,000 என்று எழுதிவிடுவார்கள். அது கையில் வந்த காசு. உங்கள் வட்டி 300,000. அதை முழுதாக எழுதி, பிடித்த 30,000 ரூபாயை ஏற்கெனவே கட்டிய வரியாகத் தனியே காட்டுங்கள். அதற்கு வரி பிடித்த சான்றிதழ் வேண்டும். தானாக வரும் என்று காத்திருக்காமல், முறி வாங்கிய இடத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

சரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வருடச் சம்பளம் 2,160,000, வட்டி 300,000, மொத்தம் 2,460,000. தனிநபர் நிவாரணம், அதாவது ஒருவருக்கு வரியில்லாமல் விடும் தொகை, 18 இலட்சத்தைக் கழித்தால் மிச்சம் 660,000. முதல் பத்து இலட்சத்துக்கு 6 சதவீதம்தான் என்பதால் வரி ரூ. 39,600. சம்பளத்தில் மாதம் 1,800 வீதம் ஏற்கெனவே 21,600 போயிருக்கும், முறியில் 30,000. இரண்டும் சேர்ந்து 51,600. கூடுதலாகப் போயிருப்பது 12,000 ரூபாய், அது உங்கள் காசு! விபரத்திரட்டு போட்டால்தான் மீளளிப்புக் கேட்கலாம். "ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்ற அந்த வார்த்தையை நம்பியிருந்தால் வருடா வருடம் 12,000 போயிருக்கும்.

இதே முறி மாதம் ஐந்து இலட்சம் சம்பளம் எடுப்பவரிடம் இருந்தால் கதை தலைகீழ். வருமானம் கூடக்கூட வரி வீதமும் படிப்படியாகக் கூடும், அவருடைய வரி 36 சதவீதப் படியில் நிற்கிறது. 300,000 வட்டிக்கு வரி 108,000. பிடித்தது 30,000 போக இன்னும் 78,000 அவர் கட்ட வேண்டும். அவருக்கும் யாராவது இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் பிறகு தண்டப்பணத்தோடுதான் தெரியவரும்.

கேள்வி: அம்பாறை மாவட்டம், திருக்கோவில். நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அரச ஓய்வூதியம் வருகிறது. 2025 மே மாதம் இருவர் பெயரிலும் 20 இலட்சத்துக்கு 364 நாள் திறைசேரி உண்டியல் (அரசாங்கத்துக்குக் கொடுக்கும் குறுகியகாலக் கடன்) எடுத்தோம், கட்டியது 1,845,000. வட்டி என்று எதுவும் வரவில்லையே, எதைக் காட்டுவது? எந்த வருடத்தில்?

பதில்: உண்டியலில் வட்டி தனியாக வராது, ஐயா. குறைத்து வாங்கி முழுத்தொகையைப் பெறுகிறீர்கள். இடையிலுள்ள 155,000 ரூபாய்தான் வட்டி. தனிநபர்கள் முதலீட்டு வருமானத்தைக் கைக்கு வந்த காலத்தில் கணக்கெடுக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் உண்டியல் முதிர்வது 2026 மே. ஆகவே 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான வருடத்தில் ஒன்றும் காட்ட வேண்டாம், முழுவதும் 2026/27 இல் வரும். பத்து மாதத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. முதிர்ந்ததும் காசாக எடுக்காமல் புதுப்பித்தாலும் அது வந்த வட்டிதான்.

இருவர் பெயரில் இருப்பதால் ஆளுக்குப் பாதி, 77,500. யார் எவ்வளவு போட்டீர்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அந்த விகிதத்தில் பிரிக்கலாம். அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை, அதைக் கூட்டிப் பார்த்துப் பயப்படாதீர்கள். வேறு வருமானம் சேர்ந்தும் ஒருவருக்கு 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால் வரியே வராது. பிடித்திருந்தால் திரும்பக் கேட்கலாம். வங்கியில் நிலையான வைப்பும் இருந்தால், வரி பிடிக்க வேண்டாம் என்று சுயபிரகடனப் படிவம் கொடுக்கும் வசதி உண்டு. இருவருக்கும் தனித்தனியே வரி அடையாள இலக்கம் வேண்டும். ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், வருடா வருடம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தால் வரி இல்லை என்று கல்முனையில் ஒருவர் சொன்னார். விபரத்திரட்டுக்குக் கடைசி நாளும் சொல்லுங்கள்.

பதில்: நீங்களும் நானும் ரூபாயில் வாங்கும் உண்டியலுக்கும் முறிக்கும் வரி உண்டு. விபரத்திரட்டுக்குக் கடைசி நாள், மார்ச்சில் வருடம் முடிந்தபின் வரும் நவம்பர் 30. ஆனால் கட்ட வேண்டிய மிச்ச வரி இருந்தால் அதற்குக் கெடு செப்டெம்பர் 30. நவம்பரில் சேர்த்துக் கட்டலாம் என்று விட்டால் வட்டி ஏறும், அந்த வட்டி உங்களுக்கு வராது.