சீருடை மாறினால் பாஸ் போய்விடுமா?

காலி இருக்கை இருந்தால் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பறக்க விமான நிறுவனம் தன் ஊழியருக்குத் தரும் சலுகைதான் ‘பாஸ்’. அமெரிக்க விமான நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே நேஷனல் கார்ட், ராணுவ ரிசர்வ் ஆகிய பகுதிநேர ராணுவப் படைகளில் இருப்பவர்கள் அதைப் பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். விமானத் துறையில் கூப்பிட்டால் ஓடிவரத் தயாராகக் காத்திருக்கும் பணிமுறைக்கும் ‘ரிசர்வ்’ என்றுதான் பெயர். கீழே நான் சொல்வதெல்லாம் ராணுவ ரிசர்வைப் பற்றி.

கேள்வி: விமானம் நிற்கும் ராம்பில் சாமான் ஏற்றும் வேலை எனக்கு. ஒன்பது மாதம் பணிக்கு வரச் சொல்லி ராணுவ ஆர்டர் வந்திருக்கிறது. 30 நாளோடு ஸ்டாண்ட்பை பாஸ் நின்றுவிடும் என்கிறது ஹெச்.ஆர். ராணுவப் பணிக்குப் போகும் ஊழியரின் வேலை உரிமையைக் காக்கும் ‘யுசெர்ரா’ சட்டத்தைப் படித்தேன். பாஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவ்வளவுதானா சார்?

அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1994-ல் வந்த அந்தச் சட்டம் பாஸைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பது உண்மை. ஆனால் அதன் 4316-ஆம் பிரிவைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். ராணுவப் பணியில் இருக்கும் காலத்தில் உங்களை விடுப்பில் இருக்கும் ஊழியராகவே கருத வேண்டும். ஏறக்குறைய அதே சீனியாரிட்டி, பதவி, சம்பளம் உள்ளவர்கள் வேறு விடுப்பில் போகும்போது கம்பெனி என்னென்ன சலுகை தருகிறதோ, அது உங்களுக்கும் உண்டு. ஆகவே ‘சட்டத்தில் பாஸ் இருக்கிறதா’ என்று தேடாதீர்கள். ‘எங்கள் கம்பெனியில் நீண்ட விடுப்பில் இருந்துகொண்டே பாஸில் பறப்பவர் யார்’ என்று தேடுங்கள்.

எந்த விடுப்போடு ஒப்பிடுவது என்பதில்தான் வழக்குகள் நடக்கின்றன. தொழிலாளர் துறையின் விதிகள் மூன்றைப் பார்க்கச் சொல்கின்றன: விடுப்பின் நீளம், அதன் நோக்கம், எப்போது எடுப்பது என்பதை ஊழியர் தானே முடிவு செய்ய முடியுமா என்பது. இவற்றில் நீளத்துக்கே எடை அதிகம். சாவு வீட்டுக்குப் போக எடுக்கும் இரண்டு நாள் விடுப்பை நீண்ட ராணுவப் பணியோடு ஒப்பிட முடியாது என்று அந்த விதியே உதாரணம் காட்டுகிறது. அதேசமயம், ஒப்பிடத்தக்க விடுப்புகள் பலவகை இருந்து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சலுகை என்றால், அவற்றில் எது சிறந்ததோ அதையே உங்களுக்குத் தர வேண்டும்.

படிப்பு விடுப்பிலோ யூனியன் வேலைக்கான விடுப்பிலோ பல மாதம் வெளியே இருப்பவருக்குப் பாஸ் தொடர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 30 நாளில் உங்கள் பாஸை நிறுத்துவதை எதிர்த்துக் கேட்க உங்களிடம் வலுவான காரணம் இருக்கிறது. எந்த நீண்ட விடுப்பிலும் எவருக்கும் 30 நாளுக்கு மேல் பாஸ் கிடையாது என்றால், சட்டம் உங்களுக்கு மட்டும் தனியாகத் தரச் சொல்லாது. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் இதைச் சொல்லாமல் நம்பிக்கை மட்டும் கொடுத்து உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை.

கிளம்புவதற்கு முன் விடுப்புக் கொள்கை, பாஸ் விதிகள், யூனியன் ஒப்பந்தத்தின் விடுப்பு அத்தியாயம் மூன்றையும் தரவிறக்கி வையுங்கள். எழுத்தில் இருப்பது மட்டுமல்ல, கம்பெனி நடைமுறையில் செய்வதும் கணக்கில் வரும். நீங்கள் வெளியே இருக்கும்போது புதிதாக வரும் சலுகையும் அப்படியே. இன்னொன்று: ‘திரும்பி வர மாட்டேன்’ என்று கோபத்தில்கூட எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். விளைவு தெரிந்தே அப்படி எழுதிக் கொடுத்தால் இந்தச் சலுகைகளைக் கேட்கும் உரிமை போய்விடும்.

கேள்வி: நான் கேபின் பணியாளர். மாதம் ஒரு வார இறுதியில் டிரில், அதாவது ராணுவப் பயிற்சி. அந்த இரண்டு நாளும் என் பாஸை முடக்கி வைக்கிறார்கள். சரியா?

அதே நீளத்துக்கு நீதிமன்ற ஜூரிப் பணிக்கோ துக்கத்துக்கோ போகிறவரின் பாஸை முடக்குகிறார்களா? இல்லையென்றால் உங்களுடையதையும் முடக்கக் கூடாது என்றே நான் வாதாடுவேன். 2023-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் தொடர்பான வழக்கில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது: குறுகிய ராணுவ விடுப்பைக் குறுகியதாகவே வைத்து ஒப்பிட வேண்டும், எல்லா ராணுவ விடுப்பையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. அந்த வழக்கு விடுப்புக் காலச் சம்பளம் பற்றியது. ஆனால் ஒப்பிடும் முறை பாஸுக்கும் பொருந்தும்.

கேள்வி: என் கணவர் விமான மெக்கானிக். இப்போது ராணுவப் பணியில் வெளிநாட்டில் இருக்கிறார். நானும் பிள்ளைகளும் பாஸில் பறக்கலாமா? அவர் லீவில் வரும்போது பாஸில் வரலாமா?

அம்மா, குடும்பத்தின் பாஸ் ஊழியரின் பாஸோடு ஒட்டியே போகிறது. மற்ற நீண்ட விடுப்பில் இருப்பவரின் குடும்பம் பறக்க முடிந்தால் நீங்களும் பறக்கலாம். அவர்கள் கட்டணம் ஏதும் செலுத்தினால் அதையே உங்களிடமும் கேட்கலாம்.

சட்டத்தைத் தாண்டி ஒன்று சொல்கிறேன். அவருக்குக் கிடைப்பது எண்ணி சில நாள் லீவு. ஸ்டாண்ட்பையில் பெயர் எழுதிவிட்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் கேட் அருகே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நிலை அவருக்கு வர வேண்டாம். முடிந்தால் அந்த ஒரு பயணத்துக்காவது இருக்கை உறுதியான டிக்கெட் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: திரும்பி வந்ததும் ஸ்டாண்ட்பை பட்டியலில் என் பெயர் கீழே போயிருக்கிறது. வேலையில் சேர்ந்த தேதியிலிருந்து ஓர் ஆண்டைக் கழித்துவிட்டார்கள்.

இதில் ஒப்பீடே தேவையில்லை. சீனியாரிட்டியை வைத்துக் கிடைக்கும் எதுவானாலும், நீங்கள் ஒரு நாளும் விலகாமல் வேலை பார்த்திருந்தால் எங்கே இருப்பீர்களோ அங்கேதான் உங்களை நிறுத்த வேண்டும். நகரும் படிக்கட்டில் ஏறியவர் நடுவில் இறங்கி வந்தாலும், அதற்குள் அது அவரை எங்கே கொண்டுபோயிருக்குமோ அந்தப் படியில் ஏற்றிவிட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-லேயே சொன்ன கொள்கை இது. உங்கள் கம்பெனி பட்டியலை வேலையில் சேர்ந்த தேதிப்படி வரிசைப்படுத்துகிறது என்றால், பழைய தேதியைத் திரும்ப வைக்கச் சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: வருடாந்திர விடுமுறையை எடுத்துக்கொண்டு டிரிலுக்குப் போனால் பாஸ் தொடரும் என்கிறார் மேலாளர்.

நீங்களாக விரும்பிக் கேட்டால் எடுக்கலாம். கட்டாயப்படுத்த அவருக்கு அதிகாரம் இல்லை.

கேள்வி: நான் பைலட். ராணுவ விடுப்பில் இருக்கும்போது காக்பிட்டின் ஜம்ப்சீட்டில் (விமானிகள் அறையில் உள்ள கூடுதல் இருக்கையில்) போகலாமா?

பாஸையும் ஜம்ப்சீட்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். காக்பிட்டுக்குள் யார் வரலாம் என்பது பாதுகாப்பு விஷயம். கேட்டில் கணினி வழியாக உங்கள் வேலை நிலையைச் சரிபார்ப்பார்கள், கடைசி வார்த்தை கேப்டனுடையது. நீண்ட விடுப்பில் உங்கள் பெயர் அந்த அமைப்பில் இருக்கிறதா என்று கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஜம்ப்சீட்டை எதிர்பார்த்து விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.

கேள்வி: கேட்டுப் பார்த்தும் ஹெச்.ஆர். அசையவில்லை. அடுத்து எங்கே போவது?

முதலில் பாதுகாப்புத் துறையின் ‘இ.எஸ்.ஜி.ஆர்.’ அமைப்பு. அங்கே இலவசமாகச் சமரசம் பேசுபவர்கள் இருக்கிறார்கள். சட்டம் தெரியாததால் வரும் சிக்கலாக இருந்தால் அங்கேயே தீர வாய்ப்பு உண்டு. அங்கே தீராவிட்டால் தொழிலாளர் துறையின் ‘வெட்ஸ்’ பிரிவில் புகார் கொடுங்கள், விசாரிப்பார்கள். சொந்தமாக வக்கீல் வைத்து நேரே வழக்குப் போடவும் வழி இருக்கிறது. யூனியன் உண்டென்றால் அவர்களிடமும் சொல்லுங்கள். ஒப்பந்தம் சட்டத்தைவிட அதிகம் கொடுத்தால் அது உங்களுக்கே, குறைவாகக் கொடுத்தால் அந்தக் குறைப்பு செல்லாது.

பாஸ் நின்ற நாளன்று பயணப் பதிவுப் பக்கத்தில் உங்கள் நிலை எப்படிக் காட்டுகிறது என்பதைத் திரைப் படமாக எடுத்து, ஆர்டர் நகலோடு சேர்த்து வீட்டு மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். ராணுவப் பணியில் இருக்கும்போது கம்பெனிக் கணக்கைத் திறக்க முடியாமலே போகலாம்.