பழைய இலையில் சுருட்டிய கியூபச் சுருட்டு: பணம் கட்டுமுன் கேட்கவேண்டியவை

கேள்வி: கடையில் மூன்று பெட்டிகளைக் காட்டுகிறார்கள். ஒன்றில் 'எடிசியோன் லிமிதாதா', மற்றொன்றில் 'ரெசர்வா', இன்னொன்றில் 'கிரான் ரெசர்வா' என்று போட்டிருக்கிறது. மூன்றுமே பழைய புகையிலை என்கிறார் கடைக்காரர். பிறகு விலையில் ஏன் இவ்வளவு தூரம்?

பதில்: கடைக்காரர் சொல்வது சரிதான். எந்த இலை, எத்தனை ஆண்டு பழையது என்பதில்தான் விலை ஏறுகிறது.

கியூபச் சுருட்டில் வெளியே தெரியும் மேல் இலை, உள்ளே இருப்பதைக் கட்டிப்பிடிக்கும் கட்டு இலை, நடுவில் மடித்து வைக்கும் உள் இலைகள் என்று மூன்று பகுதி உண்டு. உள் இலையிலும் வகை இருக்கிறது. செடியின் அடியில் பறிப்பது வொலாடோ, நடுவில் பறிப்பது செகோ, உச்சியில் வெயில் பட்டுத் தடித்து வருவது லிகேரோ. சாதாரண சுருட்டுக்கு மேல் இலை ஆறு மாதம் கிடந்தால் போதும். வொலாடோ ஓர் ஆண்டு, செகோ ஒன்றரை ஆண்டு, லிகேரோ இரண்டு ஆண்டு என்பது வழக்கமான கணக்கு.

இதை வைத்துக்கொண்டு பெட்டியைப் பாருங்கள். எடிசியோன் லிமிதாதா 2000இல் தொடங்கியது. முதலில் கறுத்த மேல் இலைக்குத்தான் இரண்டு ஆண்டு என்ற விதி. 2007 முதல் எல்லா இலையும் குறைந்தது இரண்டு ஆண்டு பழையதாக இருக்கிறது. ஆனால் லிகேரோ எப்படியும் இரண்டு ஆண்டு கிடந்துதான் வரும். ஆகவே லிமிதாதாவில் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் கூடுதல், மேல் இலையிலும் மென்மையான உள் இலைகளிலும்தான். அதனால் நிறம் கறுத்து, சுவையில் இனிப்பு கூடும். வலுவில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

ரெசர்வா என்றால் எல்லா இலையும் குறைந்தது மூன்று ஆண்டு, கிரான் ரெசர்வா என்றால் ஐந்து ஆண்டு. அறுவடை ஆண்டு 'கொசேச்சா' என்ற சொல்லோடு பெயரிலேயே வரும். ஐந்து ஆண்டு என்பது கிட்டங்கிக்குப் பெரிய சுமை. இலை கிடக்கும் காலம் முழுக்க பணம் முடங்கும், புரட்டிப் பார்த்துக் கழிக்கும்போது நல்ல இலையிலும் சேதாரம் விழும். பழைய அரிசிக்கு விலை கூடுவதற்கு என்ன காரணமோ, அதேதான் இங்கும். எங்கள் கணிப்பில், இரண்டு ஆண்டு இலைக்காக மட்டும் இரட்டிப்பு விலை தருவது நியாயமில்லை. லிமிதாதாவை அதன் அளவும் கலவையும் பிடித்திருந்தால் வாங்குங்கள். இலையின் வயதுக்காகவே வாங்குவதானால் கிரான் ரெசர்வாவுக்குக் காத்திருங்கள்.

கேள்வி: சுருட்டைச் சுற்றி ஒட்டும் காகிதப் பட்டையில் சிவப்பு இரண்டாம் பட்டை போட்டதும் பழைய இலைதானா? 'அன்யெஹாதோஸ்' என்று ஒன்று வருகிறதே, அது என்ன?

பதில்: சிவப்புப் பட்டை 'எடிசியோன் ரெஜியோனால்'. ஒரு நாட்டுக்கோ வட்டாரத்துக்கோ என்று செய்வது, 2005 முதல் வருகிறது. அரிதானதுதான், ஆனால் இலை பழையதாக இருக்கவேண்டும் என்ற விதி அதற்குக் கிடையாது. கடைக்காரர் 'லிமிடெட்' என்று சொல்லும்போது கேட்பவர் மனத்தில் 'பழைய இலை' என்று பதிந்துவிடுகிறது.

அன்யெஹாதோஸ் 2015இல் வந்தது. அதில் வழக்கமான இலையில் சுருட்டி, சுருட்டிய பிறகு பெட்டியோடு கியூபாவிலேயே ஐந்து முதல் எட்டு ஆண்டு வைத்திருப்பார்கள். ரெசர்வாவில் பழையது இலை, இதில் பழையது சுருட்டு. உடனே பிடிக்க வாங்குகிறவருக்கு இதுவே மேல்.

கேள்வி: ஹவானா சுருட்டு விழாவில் அறிவித்த கிரான் ரெசர்வாவுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். எப்போது கைக்கு வரும்?

பதில்: தேதி சொல்கிற கடையை நம்பாதீர்கள். அறிவிப்பும் அனுப்புதலும் ஒரே ஆண்டில் நடப்பது உறுதியில்லை. லிமிதாதாக்கள்கூடப் பட்டையில் போட்ட ஆண்டைத் தாண்டி வந்த சந்தர்ப்பங்கள் பல.

கணக்கு இப்படி: கோஹிபா சிக்லோ 6 கிரான் ரெசர்வா 2003 அறுவடை இலை, வெளிவந்தது 2009. ஐந்து ஆண்டு இலை கிடந்தது, மிச்சம் தரம் பிரிக்க, சுருட்ட, ஈரம் தணிய, பெட்டி கட்ட. வந்தது 5,000 பெட்டி, பெட்டிக்கு 15 சுருட்டு, ஆக மொத்த உலகத்துக்கும் 75,000. ஒரு கடைக்கு எத்தனை வரும் என்பது விநியோகஸ்தர் பிரித்துக் கொடுக்கும்வரை கடைக்காரருக்கே தெரியாது.

தாமதத்துக்கு முக்கியக் காரணம் மேல் இலை. துணிப் பந்தல் நிழலில் வளர்த்து, ஓட்டையோ கறையோ இல்லாமல் பெரிய அளவில் கிடைக்கவேண்டும். சிக்லோ 6 போன்ற 52 பருமன் (அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு என்ற அளவில்) சுருட்டு 20 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், 150 மில்லிமீட்டர் நீளம். அதைச் சுற்ற ஏற்ற இலை எல்லா அறுவடையிலும் போதுமான அளவு வருவதில்லை. போதாக்குறைக்கு 2022 செப்டம்பரில் இயன் சூறாவளி கியூபாவின் முக்கியப் புகையிலை மாகாணமான பினார் தெல் ரியோவில் கரையேறியபோது, இலை உலர்த்தும் ஆயிரக்கணக்கான கொட்டகைகள் விழுந்தன. அந்த இழப்பு அடுத்தடுத்த ஆண்டுகளின் வரத்தில்தான் தெரியும்.

முழுப் பணம் கட்டவேண்டாம். பெயர் பதிய ஒரு சிறு தொகை போதும். ரசீதில் சுருட்டின் முழுப் பெயர், அறுவடை ஆண்டு, பெட்டியா ஒற்றையா, விலை இப்போதே முடிவானதா அல்லது வரும் நாள் விலையா, எந்தத் தேதி தாண்டினால் பணம் திரும்பும் என்ற ஐந்தும் எழுதியிருக்கவேண்டும். 'வரும் நாள் விலை' என்றால் முன்பணத்துக்கு அர்த்தமே இல்லை. 2022இல் கோஹிபா, திரினிதாத் என்ற இரண்டு பிராண்டின் விலையும் உலகெங்கும் விலை அதிகமான ஹாங்காங் மட்டத்துக்கு ஏற்றப்பட்டபோது இப்படி எழுதிய ரசீதை வாங்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: ஸ்பெயினிலிருந்து 30 சதவீதத் தள்ளுபடியில் அனுப்புவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: வேண்டாம். ஸ்பெயினில் சுருட்டின் சில்லறை விலை அரசிதழில் வெளியாகும். உரிமம் பெற்ற 'எஸ்தாங்கோ' கடை எல்லாவற்றிலும் அதே விலைதான். அங்கே தள்ளுபடி என்று ஒன்று கிடையாது.

கேள்வி: போலியைக் கண்டுபிடிக்க எதை எந்த வரிசையில் பார்க்கவேண்டும்?

பதில்: பெட்டியைக் கவிழ்த்து அடியிலிருந்து தொடங்குங்கள். பலர் பட்டையின் மினுமினுப்பை முதலில் பார்க்கிறார்கள். அச்சுக்கூடம் இருந்தால் மினுமினுப்பை யாரும் செய்துவிடலாம்.

அடியில் சூட்டு முத்திரை இருக்கும்: கியூபச் சுருட்டை விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் பெயர், 'கியூபாவில் செய்தது' என்ற வரி, 'முழுக்கக் கையால்' என்ற வரி, எல்லாம் ஸ்பானிய மொழியில். விரலால் தடவினால் மரத்தில் பள்ளம் தட்டுப்படவேண்டும். பக்கத்தில் மை முத்திரையில் ஆலைக் குறியாக மூன்று எழுத்து, கீழே மாதமும் ஆண்டும். மாதம் ஸ்பானியப் பெயரின் முதல் மூன்று எழுத்து. ஜனவரி 'எனேரோ', ஏப்ரல் 'அப்ரில்', ஆகஸ்டு 'அகோஸ்தோ', டிசம்பர் 'திசியெம்ப்ரே'. இந்த நாலு மாதங்களில் ஆங்கில எழுத்து இருந்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து ஒரு கூட்டல். பட்டையில் உள்ள அறுவடை ஆண்டோடு ரெசர்வாவுக்கு 3, கிரான் ரெசர்வாவுக்கு 5 கூட்டுங்கள். அடியில் உள்ள ஆண்டு அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. 2014 அறுவடை கிரான் ரெசர்வா என்று பட்டை சொல்லி, பெட்டி 2017இல் அடைத்தது என்று முத்திரை சொன்னால் ஒன்று பொய். போலி செய்கிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிறகு உத்தரவாதச் சீட்டு. அதிலுள்ள எண்ணை நிறுவனத்தின் சரிபார்ப்புப் பக்கத்தில் இடலாம். 'சரி' என்று வந்தால் அப்படி ஓர் எண் உண்டு என்பது மட்டுமே உறுதி. ஓர் அசல் பெட்டியின் எண்ணை நூறு போலிப் பெட்டியில் அச்சடிக்க முடியும். எண் தவறு என்று வந்தால் போலி என்று முடிவுகட்டலாம், சரி என்று வந்தால் மற்றதையும் பார்த்தாகவேண்டும். ரெசர்வா பெட்டியில் தனி வரிசை எண்ணும் உண்டு. அது இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

மூடி திறந்ததும் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் போகப்போக மெல்ல வெளுக்கும். ஒரு வரிசைக்குள் திடுக்கென்று நிறம் மாறாது. பட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே திசை பார்த்து நிற்கும். ஒரு சுருட்டை எடுத்துத் தலையைக் கவனித்தால் மெல்லிய இலை மூன்று சுற்றாகப் படிந்த கோடு தெரியும். அடிப்பக்கத்தில் இலைகள் மடிப்பு மடிப்பாக, புடவைக் கொசுவம் போல இருக்கவேண்டும். தூள் உதிர்ந்தால் உள்ளே துண்டு இலை. கண்ணாடி மூடிப் பெட்டி என்றால் இத்தனையும் பார்க்கத் தேவையே இல்லை, அது போலி.

கேள்வி: கிரான் ரெசர்வா பெட்டி திறந்ததும் அம்மோனியா நெடி அடிக்கிறது. ஐந்து ஆண்டு பழைய இலைக்கு இப்படி வருமா? ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. காய்ந்த இலையை அப்படியே சுருட்டினால் பொடிந்துவிடும். ஆகவே சுருட்டுமுன் மறுபடி ஈரம் ஏற்றுகிறார்கள். அந்த ஈரத்தில் இலை மீண்டும் ஒரு சுற்றுப் புளிக்கும், அம்மோனியா வெளிவரும். இலைக்கு வயது ஐந்து என்றாலும் சுருட்டுக்கு வயது சில மாதம்தான். பெட்டியை மூடி 65 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு விடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை மூடியை ஐந்து நிமிடம் திறந்து காற்று மாற்றினால் போதும். இதற்காக ஈரத்தைக் குறைத்து அவசரமாக உலர்த்தினால் நெடியோடு மணமும் போய்விடும்.

கேள்வி: இலை பழையது என்றால் உடம்புக்குத் தீங்கு குறைவாமே?

பதில்: இல்லை. இலையைப் பழையதாக்குவதில் அம்மோனியா குறைகிறது, நாக்கில் காரம் தணிகிறது. புகையிலுள்ள புற்றுநோய்ப் பொருட்கள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, இலையை உலர்த்திப் புளிக்கவைக்கும்போதே உருவாகிறது. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய் வழியாகவே நிக்கோடின் ஏறும், வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்தும் இருக்கிறது. காரம் குறைந்ததைத் தீங்கு குறைந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வாங்கி ஊருக்குக் கொண்டுவர எத்தனை அனுமதி?

பதில்: கியூபாவிலிருந்து புறப்படும்போது உதிரியாக 20 வரை காகிதம் கேட்கமாட்டார்கள். ஹோலோகிராம் சீட்டோடு திறக்காத பெட்டியாக இருந்தால் 50 வரை. அதற்கு மேல் அரசுக் கடையின் விற்பனைச் சீட்டு வேண்டும். தெருவில் வாங்கியதற்கு அது கிடைக்காது.

இந்தியாவுக்குள் வரியில்லாமல் 25 சுருட்டு. ஆகவே 20 உள்ள ரெசர்வா பெட்டி ஒன்று அடங்கும், 15 உள்ள கிரான் ரெசர்வா பெட்டி இரண்டு அடங்காது. சிங்கப்பூரில் புகையிலைக்கு விலக்கே கிடையாது, ஒற்றைச் சுருட்டானாலும் சுங்கத்தின் சிவப்பு வழியில் சொல்லி வரி கட்டவேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க: 2020 செப்டம்பர் முதல் பயணிகள் சொந்த உபயோகத்துக்குக்கூடக் கியூபச் சுருட்டை உள்ளே கொண்டுபோக முடியாது.

கேள்வி: சென்னை வெயிலில் ஓர் ஆண்டு எப்படி வைத்திருப்பது? ஃபிரிஜ்ஜில் வைக்கலாமா?

பதில்: ஃபிரிஜ்ஜில் நாள்கணக்கில் வைத்தால் இலை காயும், சமையல் வாசனையும் ஏறும். வேண்டியது 65 சதவீத ஈரமும் 18 முதல் 20 டிகிரி வெப்பமும். வெயில் ஊர்களில் பெரிய எதிரி புகையிலை வண்டு. 25 டிகிரி தாண்டினால் இலைக்குள் கிடக்கும் முட்டை பொரிந்து, குண்டூசி அளவு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். ஆலையிலேயே உறையவைத்துத்தான் அனுப்புகிறார்கள் என்றாலும், வெயிலில் கிடந்து வந்த பெட்டியை ஒருமுறை நீங்களும் உறையவைப்பது நல்லது. காற்றுப் புகாத இரண்டு உறைக்குள் போட்டு ஒரு நாள் ஃபிரிஜ்ஜில், மூன்று நாள் ஃபிரீசரில், மறுபடி ஒரு நாள் ஃபிரிஜ்ஜில், கடைசியில் வெளியே. உறையைத் திறப்பது அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான். நடுப்படியைத் தாண்டி நேரே வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும்.

ஈரத்துக்கு 25 சுருட்டுக்கு 60 கிராம் ஈரப்பதப் பொட்டலம் ஒன்று, 65 சதவீதம் போட்டது. பொட்டலம் கல்லாக இறுகினால் மாற்றுங்கள். ஈரமானியை நம்புமுன் சோதித்துவிடுங்கள்: பாட்டில் மூடியில் உப்பு, அது குழையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர், அந்த மூடியையும் ஈரமானியையும் மூடிய பைக்குள் 12 மணி நேரம். 75 காட்டவேண்டும். 71 காட்டினால் எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள்.

பெட்டியை ஃபிரிஜ்ஜின் தலையில் வைக்கவேண்டாம், அங்கே சூடு. ஏசி நேராக அடிக்கும் இடமும் ஆகாது. சுருட்டின் மேல் பஞ்சு போல வெள்ளையோ பச்சையோ படிந்தால் அது பூஞ்சணம், ஈரம் கூடிவிட்டது. மேலே மட்டும் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துத் தனியே வையுங்கள். அடிப்பக்க மடிப்புக்குள் போயிருந்தால் அந்தச் சுருட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.