அந்தத் தாயிடம் என்ன சொல்வது?

வாசகர் கேள்விகளுக்கு உதகையிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பதில் அளிக்கிறார்

கேள்வி: பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். 25 வாரத்திலேயே பிறந்த பெண் குழந்தை. எடை 700 கிராம். மூளையில் இரத்தக்கசிவு இருப்பதாகவும், வென்டிலேட்டரைத் தொடர்வதா என்று யோசிக்க வேண்டும் என்றும் மருத்துவர் தகப்பனிடம் சொல்லிவிட்டார். 'பச்சை உடம்புக்காரி, தாங்கமாட்டாள், அவளிடம் எதுவும் சொல்லாதீர்கள்' என்கிறார்கள் வீட்டார். அவளோ என்னைக் கண்டாலே 'சிஸ்டர், பிள்ளை பிழைத்துக்கொள்ளுமா?' என்கிறாள். நேற்று பதில் வராமல் அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.
– பெயர் வேண்டாம், நீலகிரி

பதில்: மகளே, அழுததற்காக நீ வெட்கப்பட வேண்டியதில்லை. ஊசி பிடிக்கும் கை நடுங்காதவரை கண் கலங்கினால் குற்றமில்லை. ஆனால் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதே. நாளை அந்தக் குழந்தை கைவிட்டுப் போனால், நம்பிய ஒருத்தியும் பொய் சொன்னாள் என்ற வேதனையும் அவளுக்குச் சேர்ந்துகொள்ளும்.

நோயின் நிலையை விளக்குவது மருத்துவரின் பொறுப்பு. அதை நீ தலையில் தூக்கிக்கொள்ளாதே. 'இப்போது மூச்சுக்கு இயந்திரம் துணை நிற்கிறது. நிலைமை கவலைக்கிடம்தான். டாக்டர் உங்களிடமே பேச வேண்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்' என்று சொல். சொன்னபடி இரு. மருத்துவரிடம் போய், தாயையும் தகப்பனையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுங்கள் என்று கேள். தகப்பனைக் குறை சொல்ல மாட்டேன். மனைவியைக் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறார். ஆனாலும் இயந்திரத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவைப் பெற்றவளுக்குத் தெரியாமல் எடுப்பது அநியாயம். அவளும் பெற்றோரில் ஒருத்தி. பிறகு தெரியவந்தால் ஆயுளுக்கும் ஆறாது.

கூடலூர்ப் பக்கத்துப் பணியர் பழங்குடிப் பெண்ணாக இருந்தால் அவள் பேச்சு தெரிந்த ஒருவரை அழைத்துவா. தலையாட்டினாள் என்பதற்காகச் சம்மதித்துவிட்டாள் என்று எழுதிவிடக் கூடாது. தோட்டத்தில் வேலை செய்பவளாக இருந்தால், கொழுந்து மூட்டை தூக்கியதால்தான் இப்படி ஆனதோ என்று உள்ளுக்குள் மருகிக்கொண்டிருப்பாள். பல குறைப்பிரசவங்களுக்கு இன்னதுதான் காரணம் என்று சுட்டவே முடிவதில்லை. அதை அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்.

அவளைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தாதே. கை கழுவ வைத்து உள்ளே அழைத்துப் போ. அந்த வாரத்துக் குழந்தையின் தோல், ஒட்டிய பிளாஸ்திரியை எடுத்தால் கூடவே உரிந்துவரும். ஆசையாகத் தடவினால் குழந்தைக்கு அது தொந்தரவு. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்குவதை நீயே பார்த்திருப்பாய். ஒரு உள்ளங்கையைத் தலையிலும் மற்றதைப் பாதங்களிலும் வைத்து, அசைக்காமல் அப்படியே பிடித்திருக்கச் சொல். பெரும்பாலும் சற்று நேரத்தில் விறைத்த விரல்கள் தளரும். சீம்பாலில் ஒரு துளியை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அவள் கையாலேயே உதட்டில் தடவ விடு.

இயந்திரத்தை நிறுத்துவது என்று முடிவானாலும் செவிலியரின் வேலை முடிவதில்லை. வலி தெரியாமல் மருந்து, உடம்புக்குச் சூடு, தாயின் மடி இந்த மூன்றையும் விடாமல் கேட்டு வாங்கிக் கொடு. மாறாக, சிகிச்சை வெறும் வலியை மட்டும் நீட்டுகிறது என்று உனக்குத் தோன்றினால், வார்டுக்கு வெளியே புலம்பாமல் மருத்துவரிடமே சொல். எட்டு மணி நேரம் பக்கத்தில் நிற்பவள் நீதான். உன் கண்ணில் பட்டதற்கு மதிப்பு உண்டு.

கேள்வி: பேரன் 33 வாரத்தில் பிறந்தான். 1,700 கிராமில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். குளிர் கடுமையாக இருக்கிறது. அறையில் கனல் சட்டி வைக்கலாமா? சாம்பிராணி போடலாமா?
– ஒரு பாட்டி, கோத்தகிரி

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. மூடிய அறையில் கரி நச்சு வாயுவைக் கக்கும். சாம்பிராணிப் புகையை அந்தச் சின்ன நுரையீரல் தாங்காது. தொப்பி, காலுறை போட்டு, மார்போடு மார்பாக வெற்றுடம்பில் சேர்த்துக் கட்டி, மேலே கம்பளியைப் போர்த்துங்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாதபோது எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைத்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. மகள் அசந்து தூங்கும்போது நீங்களோ மருமகனோ ஏந்திக்கொள்ளலாம்.

குளிப்பாட்ட அவசரம் வேண்டாம். மருத்துவர் சொல்லும்வரை துடைத்தால் போதும். பாலாடையில் புகட்டும்போது குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுங்கள்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். பார்வை பறிபோகும் நோய் வெளியே தெரியாமல் வளரும். உரிய காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சை இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி எழுதியிருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் பிரசவம் பார்த்த மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள். மழை, மண்சரிவு, பஸ் இல்லை என்று அந்தத் தேதியைத் தள்ளிவிடாதீர்கள்.