ஐப்பசி மழையில் அழுகும் ஜேட் செடி

கேள்வி: நான்கு ஆண்டுகளாக பால்கனியில் செழித்து நின்ற, தடித்த சதைப்பற்று இலைகள் கொண்ட எங்கள் ஜேட் செடி, மழை தொடங்கியதும் இலைகளை உதிர்க்கிறது, அடித்தண்டும் மெத்தென்று ஆகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, சென்னை

பதில்: முடியும்; ஆனால் இன்றே கத்தியை எடுக்க வேண்டும். அழுகல் மேலேறுவதற்குள், உள்ளே பழுப்பு நிறம் தெரியாத இடம்வரை தண்டை வெட்டி, அழுகாத மேல்துண்டை நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, வெட்டுவாய் நன்கு உலர்ந்த பிறகே புதிய மண்ணில் நடுங்கள். பாதி அளவுக்குக் கரடுமுரடான ஆற்றுமணலோ பெர்லைட்டோ (நீர் தேங்காமல் வடியவிடும் வெண்ணிற, எடை குறைந்த கல்துகள்) கலந்த மண்ணும், அடியில் துளையுள்ள மண்தொட்டியும் போதும்.

தென்னாப்பிரிக்காவின் வறண்ட சரிவுகளில் தோன்றிய இச்செடி, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுத்துச் சேமிப்பதால், மற்றச் செடிகளைப் போல நீரை இழப்பதில்லை. ஆகவே வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொட்டியைச் சாரல் படாத, வெளிச்சமுள்ள இடத்துக்கு நகர்த்திவிட்டு, மண் முழுவதும் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். நாள்தோறும் ஒரு குவளை என்ற பாசம்தான் பெரும்பாலான ஜேட் செடிகளைக் கொல்கிறது.

கத்திரி வெயிலில் காலை வெயில் மட்டும் படட்டும். இலை சுருங்கினால் தாகம். மஞ்சளாகிக் குழைந்தால் நீர் மிகுதி. தை, மாசியில் உரம் வேண்டாம்.